காரணம்: மற்றவை

எங்கள் டயாலிசிஸ் இயந்திரங்களை ஓட்டும் கணினிக்கு 'நெறி' என்று பெயர். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஊழியர் யாராவது இயந்திரத்தின் போக்கை ஒரு இழை மாற்றினாலும் அந்தக் கட்டத்தில் காரணம் சொல்லியாக வேண்டும். வாந்தி, தசைப்பிடிப்பு, குளிர்நடுக்கம், மின்தடை என்று பதினாறு காரணங்கள் வரிசையாக இருக்கும். பதினேழாவது, 'மற்றவை'. அதைச் சேர்த்த புண்ணியவான் யார் என்று இப்போது யாருக்கும் தெரியாது. சேர்த்தபோது அவரும் ரொம்ப யோசித்திருக்க மாட்டார்.

நான் சுகவனம். நூற்றுப் பத்து ஊர்களில் டயாலிசிஸ் மையம் நடத்தும் ஒரு நிறுவனத்தில் நடைமுறை அலுவலர். எல்லா மையங்களிலும் எல்லோரும் நெறி சொல்கிறபடி, ஒரே மாதிரி வேலை செய்கிறார்களா என்று பார்ப்பது என் வேலையில் பாதி. ஊழியர்களிடமிருந்து புதிய யோசனைகளைக் கறந்து கொண்டு வருவது மீதிப் பாதி. இதைக் கேட்டதும் என் மனைவி சிரித்துவிட்டாள்.

"யாரும் எதையும் மாத்தாதீங்கன்னும் நீங்கதான் மிரட்டணும், எதையாவது மாத்துங்கன்னும் நீங்கதான் கெஞ்சணுமா? நல்லா இருக்கே!"

நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

நெறியைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன் ஆவேன். அது வருவதற்கு முன் எங்கள் மையங்களில் ஆளுக்கொரு முறை. அசந்து மறந்து தப்பான அளவை வைத்து நோயாளிகளைப் பறிகொடுத்திருக்கிறோம். நெறி வந்த ஆறு வருடத்தில் அந்தச் சாவுகள் பாதிக்கு மேல் குறைந்தன. கேமரா கண்ணாலும் மைக் காதாலும் அது கூடம் முழுவதையும் கவனித்து, ஒவ்வொரு இயந்திரத்தையும் தானே ஓட்டும். ஊழியர் ஊசி குத்துவார், குழாய் மாட்டுவார், நெறி கேட்டால் பதில் சொல்வார். அளவை மாற்ற வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் நெறிக்குச் சரியென்று பட்டால் விடும்.

சென்ற ஆண்டு கணக்கெடுப்பில் விருத்தாசலம் மையம் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. டயாலிசிஸ் நடக்கும்போது நோயாளிக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் சரிவது எங்கள் தொழிலின் நிரந்தரத் தலைவலி. மற்ற ஊர்களில் நூறு தடவைக்கு ஒன்பது முறை சரிந்தது. விருத்தாசலத்தில் இரண்டு முறை. இன்னொரு விஷயமும் இருந்தது. மற்ற மையங்களில் மாதத்துக்கு இரண்டு மூன்று 'மற்றவை' விழும். இங்கே நூற்று நாற்பது. எல்லாம் ஒரே கையிலிருந்து. பெயர் தில்லைநாயகி, டயாலிசிஸ் டெக்னீஷியன், பன்னிரண்டு வருட அனுபவம்.

ஏதோ தில்லுமுல்லு என்றுதான் கிளம்பிப் போனேன்.

மையம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. எட்டு படுக்கை, எட்டு இயந்திரம். கீழே யாருக்கோ தாலி ஏறிக்கொண்டிருந்த மேளச் சத்தம் தரை வழியாக வந்தது. மேலே அதைவிடச் சத்தமாக ஒரு பெண்மணி படுக்கை படுக்கையாகப் போய் வம்பளந்துகொண்டிருந்தார். அவர்தான் தில்லைநாயகி. நாற்பது வயதிருக்கும். ஓர் இடத்தில் நிற்கவில்லை.

படுத்திருந்த ஒரு சமையல்காரரிடம், "ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வெக்கணும், சாமான் சொல்லுங்க" என்றார். அவர் துவரம்பருப்பில் தொடங்கிப் பெருங்காயம் வரை ஒப்பித்தார். ஒரு தையல்காரப் பெண்ணிடம் ஜாக்கெட் அளவு எடுக்கும் வரிசையைக் கேட்டார். மூன்றாவது படுக்கையில் வழுக்கைத் தலையோடு ஒருவர். பெயர் தெய்வசிகாமணி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், இதயமும் கொஞ்சம் பலவீனம் என்று அட்டையில் இருந்தது.

"கண்டக்டரண்ணே, கடலூர் வண்டி எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சும்மா. ஊமங்கலம், மந்தாரக்குப்பம், நெய்வேலி ஆர்ச் கேட், வடலூர், குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடி, முதுநகர், கடலூர். எல்லாம் எறங்கு!"

வேலை நேரத்தில் என்ன கச்சேரி இது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அரைமணி கழித்து மறுபடி கேட்டார். கண்டக்டர் மறுபடி சொன்னார். "வடலூர், குள்ளஞ்சாவடி, முதுநகர்..." என்று அவர் முடிப்பதற்குள் தில்லைநாயகி இயந்திரத்தின் பக்கம் போய், உடம்பில் சேர்ந்த தண்ணீரை இழுக்கும் வேகத்தைக் குறைத்துவிட்டு, 'மற்றவை'யைத் தொட்டார்.

"எதுக்குக் குறைச்சீங்க? பிரஷர் நூத்திப் பதினாறு இருக்கே?" என்றேன்.

"குறிஞ்சிப்பாடிய வுட்டுட்டாரு, கவனிக்கலையா சார்?"

"வுட்டா?"

"முப்பத்தோரு வருஷம் அந்த ரூட்டுல விசிலடிச்ச மனுஷன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வுட மாட்டாரு. வுட்டாருன்னா மூளைக்கு ரத்தம் பத்தலைன்னு அர்த்தம். இன்னும் பத்து நிமிஷத்துல பிரஷர் கீழ போயிரும். மெஷின்ல அது தெரியறப்ப ஆளு மயங்கியிருப்பாரு. இப்பவே தண்ணி இழுக்கறத குறைச்சுட்டா ஒண்ணும் ஆவாது."

"எல்லாருக்கும் பஸ் ரூட்டா?"

"அய்ய, எல்லாருமா கண்டக்டர்? அவங்கவங்களுக்கு எது ரத்தத்துல ஊறியிருக்கோ அத கேக்கணும். அதுல தட்டினாத்தான் கணக்கு."

பத்து நிமிடம் அங்கேயே நின்று பார்த்தேன். அழுத்தம் நூற்றெட்டு வரை இறங்கி, தயங்கி, நின்றுவிட்டது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "சார் நிக்கறீங்களே, உக்காருங்க, சீட்டு இருக்கு" என்றார். உண்மையைச் சொல்கிறேன், என் பத்து வருட வேலையில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை.

அன்றே அவரை உட்காரவைத்துப் பேசினேன். எங்கள் நிறுவனத்தில் 'புதுச்சுடர்' என்று ஒரு திட்டம் உண்டு. ஊழியர் யோசனை எழுதலாம், தேர்வானால் எல்லா மையங்களிலும் நடைமுறைக்கு வரும்.

"எழுதித்தான் ஆவணுமா சார்? இங்க நடந்துட்டுத்தானே இருக்கு?"

"இங்க மட்டும் நடக்குது. நூத்திப் பத்து ஊர்ல ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் பேர் படுக்கறாங்க. அவங்களுக்கும் கிடைக்க வேண்டாமா? நாளைக்கு நீங்க வேலையை விட்டுட்டா இந்த எட்டுப் பேருக்கே யாரு பாப்பா?"

அந்தக் கேள்வி அவரை மடக்கிவிட்டது. அவர் சொல்லச் சொல்ல நானே படிவத்தில் ஏற்றினேன். கடைசியில் ஒரு கேள்வி: 'இந்த முறை தற்போது பயன்பாட்டில் உள்ளதா?' அவர் "ஆமா" என்றார். நான் 'ஆம்' என்று குறித்தேன். உள்ளதை உள்ளபடி குறிப்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"சார், மெஷின் கை வெக்க வுட மாட்டேங்குது. 'இச்செயல் பரிசீலனையில் உள்ள யோசனையைச் சார்ந்தது, முடிவு வரும்வரை அனுமதி இல்லை'ன்னு வருது. இது என்ன சார் புதுசா?"

விதிப் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். இருந்தது. முன்பு ஒரு மையத்தில் யாரோ தன் சொந்த யோசனையை நோயாளிகள்மேல் சோதித்துப் பார்த்து விபரீதமாகிவிட்டது. அதிலிருந்து, பரிசீலனையில் இருக்கும் யோசனையை யாரும், யோசனை சொன்னவர் உட்பட, பயன்படுத்தக் கூடாது. அந்த விதியைப் போட்ட குழுவில் நானும் இருந்தேன். கூட்டத்தில் கொடுத்த முந்திரி பக்கோடா ஞாபகம் இருக்கிறது, விதி மறந்துபோயிற்று.

அதுவரை 'மற்றவை' என்றால் என்னவென்று நெறிக்குத் தெரியாது, அதனால் விட்டுவைத்தது. இப்போது நாங்களே விளக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டோம். தில்லைநாயகி நோயாளியிடம் பேசிவிட்டு இயந்திரத்தில் கை வைத்தால் அது எந்த யோசனை என்று அதற்குத் தெரியும்.

"வேற காரணம் போடுங்க. தசைப்பிடிப்புன்னு போடுங்க" என்றேன். நடைமுறை அலுவலர் சொல்கிற பேச்சா இது? சொன்னேன்.

"போட்டேன் சார். கெண்டைக்கால்ல ஒட்டியிருக்கற சென்சார் பட்டைய பாத்துட்டு, பிடிப்பு இல்லைங்குது."

என் மேலதிகாரி ஹேமலதா மேடத்திடம் ஓடினேன். நல்ல மனுஷி. பொறுமையாகக் கேட்டார்.

"விதிவிலக்கு கொடுக்கலாம், சுகவனம். ரெண்டு கையெழுத்து வேணும். ஒண்ணு என்னுது, இன்னொண்ணு மருத்துவக் குழுவோடது. என்னுதை இப்பவே போட்டுடறேன்."

போட்டார். மருத்துவக் குழு மாதத்தில் ஒருமுறைதான் கூடும். அந்த மாதக் கூட்டம் முந்தின நாள் முடிந்திருந்தது. அடுத்த கூட்டத்தில் எங்கள் காகிதம் கடைசியில் இருந்தது, நேரம் போதவில்லை என்று தள்ளிப்போட்டார்கள். ஒருவர்மேலும் கோபப்பட முடியவில்லை. அவரவர் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

விருத்தாசலத்தில் அழுத்தம் சரிவது வாரத்துக்கு வாரம் ஏறியது. தில்லைநாயகி எனக்குத் தினமும் போன் செய்தார். முதலில் கோபமாகப் பேசினார், பிறகு கெஞ்சினார். பிறகு, "இன்னைக்கி ரெண்டு பேரு சார். எனக்கு முன்னாடியே தெரியும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைக்க ஆரம்பித்தார். தெரிந்துகொண்டு சும்மா நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. தடை விழுந்த நாற்பத்தோராம் நாள் நானே கிளம்பிப் போனேன்.

காலை பத்தரை மணி. கீழே அன்றைக்கும் முகூர்த்தம். கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு கையை ஆட்டினார். பேத்திக்குக் காதுகுத்து, சோறு தண்ணி கொஞ்சம் கூடிவிட்டது என்றார். வழக்கத்தைவிட நாலு கிலோ எடை ஏறியிருந்தது. அந்த நாலு கிலோவும் தண்ணீர்தான். நெறி நாலு மணி நேரத்தில் அதை இழுத்து எடுத்தாக வேண்டும்.

தில்லைநாயகி யாரிடமும் பேசாமல் நடந்துகொண்டிருந்தார். மூன்றாவது மணி நேரத்தில் அவரால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, வண்டி எங்க வருது?"

"ஊமங்கலம்... மந்தாரக்குப்பம்..." கண்டக்டர் கொட்டாவி விட்டார். "முதுநகர்."

நடுவில் நாலு ஊரைக் காணோம். தில்லைநாயகி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. ஓடிப்போய் வேகத்தைக் குறைக்கத் தொட்டார். அனுமதி இல்லை. அழுத்தத்தை உடனே எடுக்கச் சொன்னார். கைப்பட்டை இறுகித் தளர்ந்து நூற்றுப் பதினாலு என்றது. இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினார், அசையவில்லை. எங்கோ யாரோ சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக அதை அழுத்தியதிலிருந்து, ரத்த அழுத்தம் இறங்கினால்தான் அது வேலை செய்யும் என்று மாற்றியிருந்தோம்.

"டாக்டரக் கூப்புடுங்க சார்!"

எங்கள் டாக்டர் கிருபாகரன் பதினாலு மையங்களுக்கு ஒரே ஆள். திரையில்தான் வருவார். உடனே வந்தார், பாவம்.

"பிரஷர் எவ்வளவு?"

"நூத்திப் பதினாலு டாக்டர், ஆனா ஊர் பேரெல்லாம் வுடறாரு. கண்டிப்பா இறங்கும். ஆர்டர் போடுங்க."

"நூத்திப் பதினாலு நல்லாத்தானேம்மா இருக்கு? எடையும் நிறைய ஏறியிருக்கு. இப்ப நிறுத்தினா மூச்சுத்திணறல் வரும். எதைக் காரணம் காட்டி நான் ஆர்டர் போடறது?"

"காரணம் நான்தான் டாக்டர். நான் சொல்றேன்."

"அப்படி ஒரு கட்டம் இல்லையேம்மா" என்றார் டாக்டர். கிண்டலாகச் சொல்லவில்லை, தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

தில்லைநாயகி பக்கத்துக் கட்டில்களிலிருந்து தலையணைகளைப் பிடுங்கி வந்து கண்டக்டரின் கால்களை உயர்த்தி வைத்தார். குழாயைப் பிடுங்கினால் இயந்திரத்துக்குள் ஓடும் ரத்தம் வீணாகிவிடும், அதையும் செய்ய முடியாது. நான் இயந்திரத்தில் என் அலுவலர் எண்ணை அடித்தேன். தங்கள் பதவிக்கு இந்த அதிகாரம் இல்லை என்று மரியாதையாகச் சொன்னது. மறுபடி அடித்தேன். அதற்குமேல் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன் என்று எழுதுவார்கள், நிஜமாகவே பிசைந்தேன்.

"என்னம்மா, வண்டி நிக்குது?" என்று கேட்டுவிட்டுக் கண்டக்டர் கண்ணை மூடினார். அழுத்தம் ஐம்பத்தெட்டு.

அந்த நொடியிலிருந்து நெறி செய்த எதிலும் குறை சொல்ல முடியாது. தண்ணீர் இழுப்பதை நிறுத்தியது, உப்பு நீரை ஏற்றியது, ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்தது, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது, டாக்டர் திரையில் வந்து அடுத்தடுத்துச் சொன்னார். ஸ்ட்ரெச்சரைக் கீழே இறக்கும்போது மாடிப்படி முழுக்கப் பட்டுச் சேலைகள். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு சின்னப் பெண் எங்கள்மேலும் பன்னீர் தெளித்தாள்.

ஆம்புலன்ஸ் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. தில்லைநாயகி கூடப் போனார். வழியிலேயே முடிந்துவிட்டது. எந்த ஊர் தாண்டும்போது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விசாரணை அறிக்கையை நெறியே தயாரித்தது. 'நடைமுறை மீறல்: இல்லை.' நான் கையெழுத்துப் போட்டேன். கண்டக்டரின் மனைவி வந்தபோது அந்த அறிக்கையைத்தான் கொடுத்தோம். அந்த அம்மாள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பதில் அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஐந்து வாரம் கழித்து யோசனை ஏற்கப்பட்டது. ஹேமலதா மேடம் கூப்பிட்டுத் தாளை நீட்டினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. 'முறை பயன்பாட்டில் இருந்த பதினான்கு மாதங்கள்: இறப்பு இல்லை. தடுத்து வைக்கப்பட்ட முதல் நாற்பத்தோரு நாட்கள்: சரிவுகள் முப்பத்து மூன்று, இறப்பு ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டதில் முறையின் பயன் ஐயமின்றி நிறுவப்பட்டது.'

"அவர் சாகலைன்னா?" என்றேன்.

"சான்று போதாதுன்னு இன்னும் ஆறு மாசம் ஆகியிருக்கும்" என்றார். பிறகு, "என்னைக் கேக்காதீங்க, சுகவனம்" என்றார்.

சான்றிதழையும் பரிசாக ஒரு டிராலி சூட்கேஸையும் எடுத்துக்கொண்டு விருத்தாசலம் போனேன். தில்லைநாயகி சான்றிதழை எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தார். ஒப்பீட்டு வரியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். அழுவார் என்று நினைத்தேன். சூட்கேஸைத் தள்ளிக்கொண்டு போய் அழுக்குத் துணி வைக்கும் அறையில் விட்டுவிட்டு வந்து கையுறை மாட்டிக்கொண்டார்.

புதிய முறை நூற்றுப் பத்து ஊர்களிலும் வந்துவிட்டது. ஆனால் ஆளுக்கொரு பாடம் என்றால் நெறியால் எல்லோரையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. அதனால் பொதுவான ஒன்றாக மாற்றிவிட்டார்கள். பத்து நிமிடத்துக்கொரு முறை மணி அடிக்கும், நோயாளிகள் ஒன்று முதல் ஐம்பது வரை சொல்ல வேண்டும். எண்ணிக்கை தட்டினால் தண்ணீர் இழுப்பது குறையும்.

"ஒண்ணு ரெண்டு மூணு யாருக்கு சார் தட்டும்?" என்றார் தில்லைநாயகி. "நாக்கு பாட்டுக்குச் சொல்லிட்டுப் போவும். மயங்கறவரைக்கும் சொல்லுவாங்க."

அவர் சொன்னபடியே ஆனது. எல்லா ஊர்களிலும் நூற்றுக்கு ஒன்பது சரிவு என்ற பழைய கணக்கு அப்படியே நின்றது. சும்மா இருந்தவர்களையும் எண்ண வைத்ததுதான் மிச்சம்.

மூன்று மாதம் கழித்து வந்த கணக்கில், விருத்தாசலத்தில் தில்லைநாயகி இருக்கும் நேரத்தில் மட்டும் சரிவு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்திருந்தது. 'மற்றவை' ஒன்றுகூட இல்லை. திரும்பவும் என்னைத்தான் அனுப்பினார்கள்.

கூடத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். எட்டுப் பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல எண்ணிக்கொண்டிருந்தார்கள். தில்லைநாயகி வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு நொடி நிற்பார், நகர்வார். சில இடங்களில் திரும்பி வருவார். போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிவார். அதன்பின் அந்த இயந்திரம் மட்டும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எதைப் பார்க்கிறார், என்ன செய்கிறார் என்று இரண்டு மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. நெறிக்கும் பிடிபட்டிருக்காது.

ஷிப்ட் முடிந்ததும் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் படிவத்தைத் திறந்தேன். என் வேலை அது.

"புதுசா ஏதாவது முறை வெச்சிருக்கீங்களா?"

"எழுதினா இன்னைக்கே இங்க நிறுத்திருவாங்க, இல்லையா சார்?"

"ஆமா."

"யாராச்சும் செத்தாத்தான் சரின்னு ஒத்துக்குவாங்க."

நான் தலையாட்டினேன்.

"ஒத்துக்கிட்டாலும் வேற மாதிரி ஆக்கிருவாங்க."

"ஆமாம்மா. ஆனா மத்த ஊர்ல படுத்திருக்கறவங்க..."

"தெரியும் சார். ராத்திரியெல்லாம் அவங்க நெனப்புதான். நான் வாயத் தொறந்தா இங்க சாவறாங்க, மூடிக்கிட்டா அங்க சாவறாங்க. நான் இங்க இருக்கறவங்களைத்தானே சார் தொட்டுப் பாக்கறேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதிக்குங்க. தில்லைநாயகிக்கு ஒண்ணும் தெரியாது. மெஷின் சொல்றத செய்யறா, அவ்வளவுதான்."

அப்படியே எழுதினேன். நெறி ஏற்றுக்கொண்டு நன்றி சொன்னது. படியிறங்கி வரும்போது போனில் அடுத்த வேலை வந்திருந்தது. தர்மபுரி மையத்தில் போன வாரம் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், போய் ஊழியர்களிடம் ஏதாவது யோசனை இருக்கிறதா என்று கேட்டு வர வேண்டுமாம்.